அடம்பங்கொடியும் பத்து இலையும்: பயனுள்ள குறிப்புகள் 20

ஊட்டிக்குப் போன கொழுந்தன் மகன் ஒரு ஸ்நாப்டிராகன் தொட்டி வாங்கி வந்தான். எங்கள் ஊர் கடியப்பட்டணத்து உப்புக்காற்றில் அது 12 நாள்தான் தாங்கியது. அதற்குள் தாவரவியல் படிக்கும் என் பேத்தி அந்தப் பூவின் இரண்டு கன்னத்தையும் அமுக்கி அமுக்கி, நாய்க்குட்டி போல வாய் திறக்க வைத்து, எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டாள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கிற பிரனீஸ் மலையில் அது காட்டுச்செடியாம். அங்கே அதற்கு இரண்டு துணைச் சிற்றினம். ஒன்று கருஞ்சிவப்பாகப் பூக்கும், மற்றது மஞ்சள். பூவைப் பார்த்தாலே எது எதென்று சொல்லிவிடலாம்.

"எனக்கும் அதே மாதிரி ஒரு வேலை தந்திருக்காங்க பாட்டி. சொந்த ஊர்ல முளைக்கிற ஒரு காட்டுச்செடிக்குத் துணைச் சிற்றினம் வரைக்கும் பெயர் கண்டுபிடிச்சு, காயவெச்சுக் கொண்டுபோகணும். இங்க என்ன கிடக்கு, மணலும் பாறையும்தானே?"

"வலை காயப்போடுத இடத்துல என்ன கொடி கிடக்கு மக்ளே?" என்றேன்.

அடம்பு. பிறந்த நாள் முதல் மிதித்து நடந்த கொடி. அதற்கும் இரண்டு துணைச் சிற்றினம் உண்டென்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மூன்று வாரம் இரண்டு பேருமாக அலைந்தோம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் குறித்து வைத்தவற்றைக் கீழே தருகிறேன். பிள்ளைகளுக்கு இப்படி வேலை கொடுக்கும் பள்ளி, கல்லூரி இப்போது நிறைய. எந்தச் செடிக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

1. முதலில் பெயர் எத்தனை அடுக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். பேரினம், சிற்றினம், துணைச் சிற்றினம் என்று மூன்று. அடம்பின் பேரினம் ஐப்போமியா. சமையலறையில் இருக்கும் சீனிக்கிழங்கும், குளத்தில் படரும் வள்ளைக்கீரையும் அதே பேரினம்தான். சிற்றினப் பெயர் பெஸ்-காப்ரே. லத்தீனில் ஆட்டுக்கால் என்று பொருள். மூன்றாவது அடுக்கில்தான் பிரிவினை: ஒன்று பெஸ்-காப்ரே, மற்றது பிரேசிலியென்சிஸ். ஒரே பெயர் ஏன் இரண்டாம் முறை வருகிறது என்று பேத்தியிடம் கேட்டேன். ஒரு சிற்றினத்தைப் பிரிக்கும்போது, முதலில் பெயர் வாங்கிய செடி எந்தப் பங்கில் சேருகிறதோ அந்தப் பங்கு பழைய பெயரையே திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதியாம். பாகம் பிரித்த பிறகு தரவாட்டு வீட்டுக்குப் பழைய வீட்டுப்பேரே நிற்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

2. காலை ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். அடம்பம்பூ ஒரே நாள் பூ. விடியலில் விரிந்து உச்சிவெயில் ஏறும்போதே சுருண்டுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மணல் கருமணல். பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்து இல்மனைட்டும் மோனசைட்டும் பிரிக்கிறார்களே, அதே மணல்தான். பத்து மணிக்கு மேல் அதில் வெறுங்காலோடு நின்றால் கொப்பளித்துவிடும்.

3. எடுத்துப்போக வேண்டியவை: மூடியுள்ள டிபன் டப்பா, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, தையல் டேப், பென்சில், கத்தரி. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்து கரைந்துவிடும். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். முதல் நாள் நாங்கள் கவரில்தான் போட்டு வந்தோம். வீடு வந்து சேர்வதற்குள் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது.

4. ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு திரும்பாதீர்கள். கொடி எங்கே தொடங்குகிறதென்று பின்னாலேயே நடந்து பாருங்கள். நாங்கள் வள்ளியாற்றுப் பொழிமுகத்துப் பக்கம் ஒரு கொடியைப் பிடித்து நடந்தோம். 14 அடி வரை எண்ணினோம். அதற்கப்பால் மணலுக்குள் போய்விட்டது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருந்தது. இதுவே ஒரு அடையாளம்: தண்டு தரையோடு ஓடும், கணுவில் வேர் விடும், எதையும் சுற்றி ஏறாது. தோட்டத்தில் வேலியைச் சுற்றி ஏறுகிற அதன் தாயாதிக் கொடிகளிடமிருந்து இங்கேயே பிரிந்துவிடுகிறது.

5. தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வடிய வேண்டும். வராவிட்டால் அது அடம்பு இல்லை. பால் பட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

6. இனி முக்கியமானது: இலை. துணைச் சிற்றினத்தைப் பிரிப்பது பூவின் நிறமல்ல, இலை நுனியில் இருக்கும் பிளவு. பிரேசிலியென்சிஸில் நுனி லேசாக உள்வாங்கியிருக்கும், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல. பெஸ்-காப்ரேயில் இலை பாதியளவு பிளந்து இரண்டு மடலாக நிற்கும். கேட்க எளிது. கொடியைப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். ஒரே தண்டில் ஒரு இலை ஆழமாகப் பிளந்திருக்கும், அடுத்தது அதில் பாதிதான் பிளந்திருக்கும். விதையிலிருந்து புதிதாக வந்த கன்றின் முதல் இலைகளில் பிளவு மிகக் குறைவு. அந்த இலையை எடுத்தவர் ஒரு பெயர் சொல்வார், இதை எடுத்தவர் வேறு சொல்வார்.

அதனால் பத்து இலை அளக்க வேண்டும். கொடியின் நுனிப்பகுதியில் எடுக்காதீர்கள், குருத்து. அடிப்பகுதியும் வேண்டாம், பழுத்துக் காற்றில் கிழிந்திருக்கும். நடுப்பகுதியில் அடுத்தடுத்து பத்து இலை. ஆழமாகப் பிளந்ததாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. வரிசையில் எது வருகிறதோ அது. ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு. காம்பு சேரும் இடத்திலிருந்து மடலின் உச்சிவரை ஒன்று. அதே இடத்திலிருந்து பிளவின் அடிவரை, அதாவது நடுநரம்பின் நீளம், இரண்டாவது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் பிளவின் ஆழம். எங்கள் முதல் இலை: முழு நீளம் 6.5 செ.மீ., நடுநரம்பு 3.5 செ.மீ., பிளவு 3 செ.மீ. கிட்டத்தட்டப் பாதி. பத்தில் எட்டு இலையில் பிளவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இரண்டு மட்டும் குறைவு. அந்த இரண்டையும் சேர்த்தே எழுது என்றேன். பேத்தி முகம் சுளித்தாள், பிறகு எழுதினாள்.

7. அளக்கும் முன் இலையை விரித்து வையுங்கள். வெயிலில் அடம்பிலை நடுநரம்போடு புத்தகம்போல மடிந்துகொள்ளும். மடிந்த இலையில் டேப் வைத்தால் கணக்கு தப்பும். ஒரு கண்ணாடித் தட்டை மேலே அமுக்கிவிட்டு அளந்தால் சுலபம்.

8. நம் புலவர்களும் இந்த இலையைப் பார்த்திருக்கிறார்கள். குறுந்தொகை 243-ஆம் பாட்டில் அடம்பின் இலைக்கு மானின் குளம்பை உவமை சொல்லியிருக்கிறது. மான் குளம்பு நுனியில் மட்டும் கீறியதல்ல. நன்றாகப் பிளந்து கவையாக நிற்பது. நகத்தால் கிள்ளிய மாதிரி இலை அந்தப் புலவர் கண்ணில் பட்டிருந்தால் மான் நினைவு வந்திருக்காது. லத்தீனில் பெயர் வைத்தவருக்கு ஆட்டின் கால் நினைவு வந்தது. அதுவும் பிளந்த குளம்புதான். என் பேத்தியின் பேராசிரியர் இதைச் சான்றாக ஏற்பாரோ மாட்டாரோ, நான் ஏற்கிறேன்.

9. இலையும் காம்பும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கடுகளவுகூட இல்லாத இரண்டு சுரப்பிகள் தெரியும். அங்கே தேன் கசியும், எறும்பு மொய்க்கும். கண் தெரியவில்லையென்றால் கைப்பேசிக் கேமராவின் கண்மேல் விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டு ஒரு சின்ன பூதக்கண்ணாடியாக வேலை செய்யும். (பழைய கைப்பேசியில் செய்யுங்கள். மகனுடைய புதியதில் செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

10. பூவில் பார்க்க வேண்டியவை: புனல் வடிவம், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், உள்ளே தொண்டைப்பகுதி இன்னும் அடர்த்தி. விளிம்பு ஐந்தாகப் பிரியாமல் ஒரே வட்டமாக இருக்கும். ஆனால் மொட்டு முறுக்கியிருந்த தடமாக ஐந்து பட்டை ஓடும். பூவைக் கவிழ்த்துப் புல்லிவட்டத்தையும் பாருங்கள். ஐந்து புல்லியும் ஒரே அளவாக இராது, வெளியே இருப்பவை குட்டை. பூவின் அழகில் மயங்கி இந்தப் பின்பக்கத்தை விட்டுவிடுவார்கள். ஸ்நாப்டிராகனில் நிறம் பிரித்துக் காட்டுகிறதே என்று இங்கேயும் நிறத்தைப் பிடித்துத் தொங்கினால் ஒன்றும் நடக்காது. அடம்பின் இரண்டு துணைச் சிற்றினத்துக்கும் பூ நிறம் ஒன்றுதான். சொல்லப்போனால் பிரனீஸில்கூட நிறம் எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. மஞ்சளும் கருஞ்சிவப்பும் சந்திக்கிற பள்ளத்தாக்கில், இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குள், கலந்து பிறந்த ஆரஞ்சு, வெள்ளை, ரோஜா நிறப் பூக்கள் வரிசையாக நிற்குமாம். அங்கே நின்று ஒரு பூவைக் காட்டி இது யார் பிள்ளை என்று கேட்டால் நிபுணரே திணறுவார்.

11. காய் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. காய்ந்து வெடித்தால் உள்ளே நான்கு விதை. கறுப்பாக, மூன்று பட்டையாக, வெல்வெட் துணிபோல மயிர் படர்ந்திருக்கும். ஒரு டம்ளர் கடல்தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். எங்கள் டம்ளரில் போட்டது பத்து நாள் கழித்தும் மிதந்தது, பிறகு யாரோ அதைக் கழுவி வைத்துவிட்டார்கள். முளைக்க வைக்க வேண்டுமானால் அம்மிக்கல்லில் ஒரு ஓரத்தை உரசி, உள்நிறம் தெரிந்ததும் ஒரு இரவு ஊறப்போடுங்கள். உரசாத விதை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

12. இந்த மிதப்பில்தான் துணைச் சிற்றினக் கதையே இருக்கிறது. விதை கடல்மேல் நெடுந்தூரம் போகும். பிரேசிலியென்சிஸ் அமெரிக்கக் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிக் கிடக்கிறது. அத்தனை தூரத்திலும் அது ஒரே குடும்பமாக இருப்பதற்குக் கடலில் மிதந்துபோகும் விதைகளே காரணம் என்று ஜப்பானிலிருந்து ஆராய்ந்தவர்கள் மரபணுவை ஒப்பிட்டு 2014-இல் எழுதினார்கள். பெஸ்-காப்ரே அப்படி ஊர் சுற்றவில்லை. இந்தியப் பெருங்கடலை ஒட்டிய நம் பக்கத்து நாடுகளோடு நின்றுகொண்டது. ஆகவே செடியை எங்கே எடுத்தீர்கள் என்பதும் அடையாளத்தில் பாதி. கடியப்பட்டணத்தில் எடுத்த ஆழப்பிளவு இலையை பிரேசிலியென்சிஸ் என்று எழுதுவதற்கு நல்ல காரணம் வேண்டும். மயாமி கடற்கரையில் எடுத்ததைப் பெஸ்-காப்ரே என்று எழுதுவதற்கும் அப்படியே. எல்லாத் தாவர நூல்களும் இந்தப் பிரிவை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலர் இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள்.

13. போலிகளிடம் ஏமாறாதீர்கள். பொழிமுகத்து ஓரங்களில் அதே நிறத்தில் பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஐப்போமியாதான். ஆனால் அது நிமிர்ந்து நிற்கும் புதர், இலை நீண்ட இதய வடிவம், அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆடு அதைத் தின்று பழகினால் நரம்பு கெட்டுத் தள்ளாடும். மணலிலேயே படரும் காட்டு அவரை ஒன்று உண்டு. இளஞ்சிவப்பு அவரைப் பூ, மூன்று மூன்றாகச் சிற்றிலை, பால் வராது. அதன் விதையைப் பிள்ளைகள் பச்சையாக மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மந்தாரை இலையும் இரண்டாகப் பிளந்ததுதான். தனி இலையை மட்டும் படமெடுத்து ஒரு கைப்பேசிச் செயலியிடம் காட்டியதற்கு அது எங்கள் அடம்பை மந்தாரை என்றே சொன்னது. பூவோடும் தண்டோடும் எடுத்துக் காட்டியதும் சரியாகச் சொன்னது, ஆனால் சிற்றினத்தோடு நின்றுவிட்டது.

14. ஊர்ப்பெயரை எழுதுங்கள், ஆனால் ஊர்ப்பெயரை நம்பி முடிவு கட்டாதீர்கள். அடம்பு, அடும்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால், குதிரைக்குளம்பு என்று இதற்கே ஐந்து பெயர் கேட்டோம். (குதிரைக் குளம்பு பிளவில்லாதது, அந்தப் பெயரை வைத்தவர் எந்த இலையைப் பார்த்தாரோ.) மலபாரில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் 1678 முதல் 1693 வரை 12 தொகுதியாக வந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலில் இந்தக் கொடியைப் பதினோராம் தொகுதியில் சுவன்ன அடம்பு என்று சேர்த்தார். அதே நூலின் நான்காம் தொகுதியில் வெறும் அடம்பு என்று இருப்பது பூமருது மரம்! கொடியைத் தேடுகிறவர் பாதியில் புத்தகத்தை மூடினால் மரத்தில் போய் முட்டிக்கொள்வார்.

15. பழைய புத்தகங்களில் ஐப்போமியா பைலோபா என்று இருந்தால் அது வேறு செடி என்று பயப்பட வேண்டாம். இதே செடியின் பழைய பெயர்; பொருள் இருமடல். பெயரின் வரலாறு சுருக்கமாக: லின்னேயஸ் 1753-இல் பெஸ்-காப்ரே, பிரேசிலியென்சிஸ் இரண்டையும் கன்வால்வுலஸ் என்ற பேரினத்தில் வைத்து, ஒரே பக்கத்தில் இரண்டு தனிச் சிற்றினமாக எழுதினார். ராபர்ட் பிரவுன் 1818-இல் ஐப்போமியாவுக்கு மாற்றினார். பிரேசிலியென்சிஸைத் துணைச் சிற்றினமாக இறக்கி வைத்தவர் வான் ஊஸ்ட்ஸ்ட்ரூம், 1940-இல். முதலில் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு ஒன்றுக்குள் இரண்டு.

16. படம் எடுக்கும்போது ஆறு படம் கணக்கு: கொடி கிடக்கும் இடம், இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், பூ நேராக, பூவின் பின்பக்கம், காய். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் நாணயம் ஓரமாகத் தெரியட்டும், அளவுக்கு. நிழல் விழாமல் குடையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த வேலைதான் எனக்கு.

17. காயவைப்பது தனிக்கலை. அடம்பின் இலை தடித்தது. உள்ளே தண்ணீர் அதிகம். சாதாரணமாகப் புத்தகத்துக்குள் வைத்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். பழைய செய்தித்தாளில் நான்கு மடிப்பு, நடுவில் செடி, மேலே மறுபடி நான்கு மடிப்பு, அதன்மேல் பலகை, பலகைமேல் அம்மிக் குழவி. முதல் ஐந்து நாள் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றிய தாளை வெயிலில் காயப்போட்டு மறுபடி பயன்படுத்தலாம். எங்கள் வேலை ஆனி மழையில் மாட்டிக்கொண்டது. அடுப்பங்கரைப் பரண்மேல் வைத்துத்தான் காப்பாற்றினேன். கருவாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். எறும்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்.

இலையில் ஒன்றைத் திருப்பி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். சுரப்பியைப் பார்க்க நாளைக்கு யாருக்காவது தேவைப்படும். பூ மிக மெல்லிது. பறித்த உடனே, கரையிலேயே, இரண்டு டிஷ்யூ தாளுக்கு நடுவே விரித்துவிடுங்கள். வெளித்தாளை மாற்றும்போது டிஷ்யூவைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் பூ தாளோடு கிழிந்து வரும். சுருங்கிவிட்ட பூவை விரிக்க ஒரு வழி: தட்டில் தண்ணீர் வைத்து அதில் மிதக்க விடுங்கள், கீழே ஒரு தாளை நுழைத்து அப்படியே தூக்குங்கள். நிறம் எப்படியும் பழுப்பாகிவிடும். அதனால்தான் பறித்த அன்றே நிறத்தை எழுதிவைக்க வேண்டும்.

18. பறிப்பதில் கை அடக்கம் வேண்டும். ஒரு முழ நீளம், பூவும் காயும் இலையும் உள்ள ஒரு துண்டு போதும். கத்தரியால் வெட்டுங்கள், வேரோடு இழுக்காதீர்கள். கணுவுக்குக் கணு பிடித்திருக்கும் அந்த வேர்தான் மணல்மேட்டைக் கட்டி வைத்திருக்கிறது. கொடி போன இடத்தில் ஆடிக் காற்று மணலை வாரி நேரே வீட்டு முற்றத்தில் கொட்டும். தினம் இரண்டு தடவை பெருக்குகிறவளுக்குத் தெரியும்.

19. சொறிமீன் பட்டால் அடம்பிலையைக் கசக்கித் தேய்ப்பது கரையில் பழைய வழக்கம். தாய்லாந்து ஆய்வாளர்கள் இந்தச் செடியின் சாறு சொறிமீன் நஞ்சை ஆய்வுக்கூடத்தில் தணிப்பதாக 1991-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வடித்த சாறு வேறு, மணலோடு கசக்கிய இலை வேறு. தேய்ப்பதால் தோலில் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் வெடிக்கும். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்தண்ணீரால் அலசிவிட்டு, மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவசரத்தில் காட்டாமணக்கைக் கசக்கித் தேய்த்த ஒருவரை எனக்குத் தெரியும் என்பதால்தான் பதின்மூன்றாம் குறிப்பு அவ்வளவு நீண்டது.

ஆள் மாறாட்டம் அடம்புக்கு மட்டுமல்ல. ஸ்நாப்டிராகன் செத்துப் போனதில் பேத்திக்கு வருத்தம். அதன் சொந்தம் ஒன்று நம் ஈர நிலங்களிலேயே இருக்கிறது: நீர்ப்பிரம்மி. காம்பில்லாத சின்னச் சதைப்பற்றான இலைகள் எதிரெதிராக, பூ வெள்ளையோ வெளிர் ஊதாவோ. வாய் திறக்காது, அதனால் முகச்சாயல் தெரியாது. முன்பு இரண்டையும் வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபின் இசப்கோல் செடியின் குடும்பத்துக்கு மாற்றினார்கள். கடையில் பிரம்மி என்று கேட்டால் சிலர் வல்லாரையைத் தருவார்கள். வல்லாரையின் இலை வட்டமாக, நீண்ட காம்போடு இருக்கும். வாங்குமுன் இலைக் காம்பைப் பாருங்கள்.

20. கடைசியாகத் தாளில் ஏற்றுவது. கெட்டி அட்டையில் பசை போட்டு ஒட்டினால் பாச்சை அரிக்கும். தண்டை வெள்ளை நூலால் நான்கு இடத்தில் தைத்துவிடுங்கள், முடிச்சு பின்பக்கம். உதிர்ந்த விதைகளை ஒரு சின்னத் தாள் உறையில் போட்டு அதே அட்டையில் இணைத்துவிடலாம். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருள்தந்தை கே.எம். மாத்யூ வளர்த்த ராப்பினட் உலர்தாவரகத்திலும் இப்படித் தைத்த தாள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் அதுதான்.

சீட்டு வலது கீழ் மூலையில். பென்சிலால் எழுத வேண்டியவை: ஊர், வட்டம், மாவட்டம், தேதி, கடலிலிருந்து எத்தனை அடி, மணலா பாறையா, பூவின் நிறம், ஊர்ப்பெயர், எடுத்தவர் பெயர். பேத்தி இடத்தைப் பற்றி "கடலோர மணல்மேடு" என்று எழுதியிருந்தாள். அதன் கீழே "வலை காயப்போடும் இடம்" என்றும் சேர்க்கச் சொன்னேன். மிதிபடுகிற இடத்துக் கொடியில் இலை சிறுத்திருக்கும். பிற்பாடு அளக்கிறவருக்கு அது தெரிய வேண்டும். துணைச் சிற்றினப் பெயரை இந்தச் சீட்டில் எழுதாமல் தனிச் சீட்டில் எழுதி, கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும் போட்டு மேலே ஒட்டுங்கள். நாளைக்கு வேறொருவர் வேறு பெயர் சொன்னால் பழைய சீட்டை அழிக்கவோ கிழிக்கவோ மாட்டார்கள், புதுச் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். அதற்கு இரண்டு விரல் அகலம் இடம் விட்டு வையுங்கள்.